மதிலிழந்த வாசல்

மாயூரம் என்று முதியவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் மயிலாடுதுறையிலிருந்து கிழக்கே புறப்பட்டு, செம்பொனார்கோயிலையும் ஆக்கூரையும் திருக்கடையூரையும் கடந்து, வயலும் வாய்க்காலும் மெல்ல மெல்லப் பனையும் மணலுமாக உருமாறுவதைப் பார்த்துக்கொண்டே ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிரயாணம் செய்தால், கடைகளும் கம்பிகளும் நெருங்கிக் கிடக்கும் ஒரு சாமானியக் கடைவீதியின் முடிவில், வெள்ளையடித்த பெரிய வாசல் ஒன்று திடீரென்று வழியை மறித்து நிற்கும். அரண்மனைக்குரிய வாசல் அது. ஆனால் அதன் பின்னே அரண்மனை இல்லை. கோட்டைக்குரிய வாசல் என்று கொள்வோமென்றால், அதன் இரு தோள்களிலும் நீண்டு செல்லவேண்டிய மதிலைக் காணோம். நெற்றியில் டென்மார்க்கு மன்னர் ஏழாம் கிறிஸ்தியானின் முடியெழுத்தையும் 1792 என்னும் ஆண்டையும் தாங்கிக்கொண்டு, காக்கவேண்டிய மதில் காலத்தால் கரைந்துபோன பின்னும், காவலை விட்டு இறங்க உத்தரவு வராத சிப்பாயைப் போல, அந்த வாசல் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறது.

அதன் வழியாக உள்ளே நுழைந்துவிட்டால் ஒரு விசித்திரம் நிகழ்கிறது. வாசலுக்கு வெளியே இருந்த ஓசையெல்லாம் யாரோ கதவைச் சாத்தியதுபோல் அடங்கிவிட, நேராகக் கடலை நோக்கி ஓடும் அகன்ற வீதி ஒன்றும், அதன் இருபுறமும் தூண் வைத்த வராந்தாக்களும், இரண்டு தேவாலயங்களும், வீதியின் முடிவில் வெளிறிய மஞ்சள் நிறக் கோட்டையும், அதற்கப்பால் வங்காள விரிகுடாவும் கண்ணுக்குத் தென்படுகின்றன. இந்த ஊரின் சரித்திரம் முழுவதையும் ஒரு சோம்பேறி அரைமணி நேரத்தில் நடந்து முடித்துவிடலாம். நான் நான்கு முறை போயிருக்கிறேன், இன்னும் முடித்தபாடில்லை.

ஊரின் பெயரிலேயே முதற் சிக்கல். தரங்கம் என்றால் அலை. ஆகவே தரங்கம்பாடி என்றால் 'அலைகள் பாடும் ஊர்' என்று சுற்றுலா விளம்பரங்கள் இனிக்க இனிக்க எழுதிவைத்திருக்கின்றன. கேட்பதற்குச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாணியம்பாடியிலும் காட்பாடியிலும் எவரும் எதையும் பாடவில்லை. பாடி என்பது குடியிருப்பைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். அதைச் சங்கீதமாக்கியது பிற்காலத்து உல்லாசப் பிரயாணிகளின் கற்பனை. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கே கடலோரத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றே அழைக்கிறது. சடங்கன் எப்போது தரங்கமாக அலையடித்தானோ தெரியவில்லை; அந்நியரின் நாவில் அதுவே டிராங்கிபார் என்று ஒடிந்தது. அந்த ஒடிந்த பெயர் செய்த யாத்திரை சாமானியமானதன்று. இங்குத் தங்கியிருந்த பாதிரிமார்களும் வைத்தியர்களும் செடிகொடிகளையும் சங்கு சிப்பிகளையும் பறவைகளையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தபடியால், நம் நாட்டுச் செந்நிறப் புறா வகை ஒன்று, இந்த ஊரையே பார்த்திராத ஊர்களில் பறக்கும்போதும், விலங்கியல் நூல்களில் 'டிராங்கிபாரிக்கா' என்னும் பட்டத்தைச் சுமந்துகொண்டுதான் பறக்கிறது.

டேனிஷ்காரர்கள் இங்கு வந்தது தரங்கம்பாடியைத் தேடி அன்று. 1616இல் நான்காம் கிறிஸ்தியான் மன்னரின் ஆதரவில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்றை நிறுவிய அவர்கள், 1618இன் முடிவில் கோபன்ஹேகனிலிருந்து கப்பல்களை அனுப்பியது இலங்கையை நோக்கியே. கண்டி அரசரோடு உடன்படிக்கை செய்துகொண்டால் அத்தீவின் வாணிபம் முழுவதும் தங்கள் மடியில் வந்து விழும் என்று ஒரு டச்சுக்காரர் கொடுத்த வாக்கை நம்பிப் புறப்பட்ட அந்தக் கப்பற்படைக்குத் தலைவராக இருந்த ஓவே கெட்டே என்பவருக்கு அப்போது இருபத்தைந்து வயது நிரம்பியிருக்கவில்லை. இலங்கைக் காரியம் கைகூடவில்லை. அவருக்கு முன்னே அனுப்பப்பட்ட ரோலண்ட் கிராப்பே என்பவரின் கப்பலோ, காரைக்காலை ஒட்டிய கடலில் போர்த்துக்கீசியர்களால் தாக்கப்பட்டு அழிந்தது. உயிர் தப்பிக் கரையேறிய கிராப்பே தஞ்சாவூர் இரகுநாத நாயக்கரின் சபைக்குப் போய்ச் சேர்ந்தார். தஞ்சை அரசருக்கோ, தம் கடற்கரையில் போர்த்துக்கீசியருக்குப் போட்டியாக இன்னொரு வெள்ளைக்காரக் கூட்டம் இருப்பது இலாபமாகத் தோன்றியது. 1620 நவம்பரில் உடன்படிக்கை ஆயிற்று. மீன்பிடிக் குப்பம் ஒன்று மிளகு வாணிபத்துக்கான துறைமுகமாகக் கைமாறியது. டென்மார்க்கு மன்னருக்கு நாயக்கர் தங்கத் தகட்டில் வரைந்தனுப்பிய மடல் இன்றும் கோபன்ஹேகனில் ஆவணக் களரியில் பாதுகாக்கப்படுகிறது. கப்பல் கவிழ்ந்து கரையேறிய ஒருவனின் அதிர்ஷ்டத்தில் பிறந்த ஊர் இது என்று சொன்னால் அது மிகையாகாது.

இவ்வளவும் சரித்திரப் பாடப் புத்தகத்தில் இரண்டு வரிகளுக்குள் அடங்கிவிடும். அதில் அடங்காத கதை ஒன்று உண்டு. அந்த மதிலிழந்த வாசலின் கதையும் அதுவே. ஐரோப்பாவில் நடந்த யுத்தங்களில் டென்மார்க்கு வறுமையுற்று, 1650இல் கம்பெனியே கலைக்கப்பட்டுவிட்ட காலத்தில், தரங்கம்பாடிக் கோட்டையில் இருந்த ஒரு கைப்பிடி மனிதர்களை அவர்கள் தாய்நாடு அடியோடு மறந்துபோயிற்று. மறந்தது ஒரு வருஷமா, இரண்டு வருஷமா? 1669 வரை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பலும் வரவில்லை. சம்பளம் இல்லை; கடிதம் இல்லை; மன்னர் இறந்து புது மன்னர் பட்டமேறிய செய்திகூட அயலார் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டியதுதான். ஜுரத்தாலும் முதுமையாலும் ஒவ்வொருவராக மாண்டுபோக, எஞ்சியவர்கள் தங்களுக்குள்ளேயே தேர்ந்தெடுத்துக்கொண்ட தலைவர் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே. பெரிய குடியிற் பிறந்தவரும் அல்லர், பெரிய பதவியில் வந்தவரும் அல்லர். அவர் கோட்டையை விற்றுவிட்டு டச்சுக்காரரிடம் உத்தியோகம் பார்த்திருக்கலாம். அக்காலத்தில் அது பாவமாகக் கருதப்பட்டதும் இல்லை. அதற்குப் பதிலாக, கடலில் போகும் வரும் கப்பல்களைப் பிடித்தும், சிறு வாணிபம் செய்தும், அந்தப் பணத்தில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பத் தொடங்கினார். கப்பல்களைப் பிடித்து என்று நான் மரியாதையாக எழுதினேன். கொள்ளையிட்டு என்று படித்தாலும் பிழையில்லை. 1669இல் ஃபேரோ என்னும் கப்பல் ஒருவழியாக வந்து நங்கூரமிட்டபோது, கொடியும் பறந்துகொண்டிருந்தது, ஊரும் மதிலோடு இருந்தது. மறந்துபோன அரசாங்கம் வெட்கமின்றி அவரைக் கவர்னராக நியமித்தது.

இன்று காண்கிற வாசல் அந்த மதிலில் பிற்காலத்தில் புதுப்பித்துக் கட்டியது. மதிலோ, கடலும் மழையும் கொஞ்சம் தின்ன, மனிதர்கள் கல்லாகவும் செங்கல்லாகவும் மிச்சத்தைக் கொண்டுபோக, அங்கங்கே ஒரு திட்டு, ஒரு மேடு என்று அடையாளம் சொல்லும் அளவுக்குக் குறைந்துவிட்டது.

வீதியின் கடற்கரை முனையில் நிற்கிற டான்ஸ்போர்க் கோட்டையைப் பார்த்துவிட்டு 'இவ்வளவுதானா' என்று கேட்டவர்களை நான் அறிவேன். செஞ்சியின் உயரமும் வேலூரின் அகழியும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது கோட்டையாகத் தோன்றாதது நியாயமே. இரண்டே அடுக்குகள், கீழே கிடங்குகளும் சிறையும், மேலே கவர்னரும் பாதிரியும் வாணிபக் குமாஸ்தாக்களும் தங்கிய அறைகள், அவற்றின் மீது ஒட்டகத் திமிலைப்போல் எழுந்து தாழ்கிற கவிமாடங்கள். யுத்தத்துக்கென்று கட்டிய கோட்டை என்பதைவிட, துப்பாக்கி வைத்துக்கொண்ட மளிகைக் கிடங்கு என்றால் பொருத்தமாக இருக்கும். மிளகு மூட்டைக்குப் பூட்டு வேண்டியிருந்தது. அந்தப் பூட்டு சற்றுப் பெரிதாகப் போய்விட்டது.

ஆயினும் இந்தக் கட்டிடம் நானூறு ஆண்டுகளில் ஏற்ற வேஷங்களை எண்ணிப் பார்த்தால் அதன்மீது ஒரு மரியாதை பிறக்கிறது. கவர்னர் மாளிகை, சிறைச்சாலை, சுதந்திரத்துக்குப் பின் சர்க்கார் உத்தியோகஸ்தர்களும் வழிப்போக்கர்களும் இரவு தங்கும் பயணியர் விடுதி. 1978இல் தமிழக அரசின் தொல்லியல் துறை ஏற்றுக்கொள்ளும்வரை, எத்தனையோ தாசில்தார்கள் நான்காம் கிறிஸ்தியானின் கோட்டையில் படுக்கையை விரித்துக் கடற்காற்றில் உறங்கியிருக்கிறார்கள். இதைச் சிலர் அவமதிப்பு என்று குறைபடுவதுண்டு. என் அபிப்பிராயம் வேறு. ஒருவர் தங்கியிருந்தால்தான் ஓடு மாற்றுவார்கள், ஒழுகல் அடைப்பார்கள், கதவுக்குக் கொண்டி போடுவார்கள். ஆளில்லாத கட்டிடத்தில் முதலில் குடியேறுவது அரசமரக் கன்று, அடுத்து வெளவால், மூன்றாவதாகத்தான் சரித்திர ஆராய்ச்சிக்காரர். தாசில்தார் கட்டிலைப் போட்டுக் காத்த கோட்டை இது.

இப்போது அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது: டேனிஷ் நாணயங்கள், பீங்கான் துண்டுகள், பழைய ஆவணங்கள். கடைசியாக நான் போயிருந்த அன்று, திருக்கடையூரில் மணிவிழாவை முடித்துக்கொண்டு ஒரு குடும்பம் வேனில் வந்து இறங்கிற்று. அபிராமி சந்நிதியில் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ளும் தம்பதிகள், மத்தியானச் சாப்பாடு ஆனதும் பேரன் பேத்திகளின் தொந்தரவு தாளாமல் இங்கே வந்து கடலைப் பார்த்துவிட்டுப் போவது இந்தப் பிரதேசத்து வழக்கம். கழுத்து மாலையைக் கழற்றாமலே கொத்தளத்தின் மேல் ஏறி நின்ற அந்தப் புது மாப்பிள்ளைத் தாத்தா, பீரங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இத எவன் மேல சுட்டான்?" என்று பேரனைக் கேட்டார். பேரன் தெரியாது என்றான். எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. இந்த ஊர் பிற்காலத்தில் பிரிட்டிஷார் கைக்கு இரண்டு முறை போனது, 1801இலும் 1808இலும். இரண்டு முறையும் காரணம் ஐரோப்பாவில் மூண்ட சண்டை. இரண்டு முறையும் சமாதானத்தில் திரும்பக் கிடைத்தது. தாத்தாவிடம் இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் புகைப்படக்காரர் அவரை மனைவியின் பக்கம் நகர்த்திவிட்டார்.

கோட்டையின் சிறையில் இருந்தவர்களில் ஒருவரைப்பற்றிச் சொல்லாமல் தரங்கம்பாடியைப்பற்றி எழுத இயலாது. டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய லூதரன் பாதிரி பார்த்தலோமேயு சீகன்பால்க், தம் தோழர் புளூட்ஷோவுடன் 1706 ஜூலை 9ஆம் தேதி இங்கே கரையிறங்கினார். ஜெர்மானியர், ஏறக்குறைய இருபத்து நான்கு வயது, உடல் பலவீனர். மன்னர் அனுப்பிய பாதிரியை, மீண்டும் உயிர்பெற்றிருந்த கம்பெனியின் ஆட்கள் விரும்பவில்லை; ஊர்க்காரர்களிடத்தும் ஏழைகளிடத்தும் அவர் ஒட்டிக்கொண்டது கவர்னர் ஹாசியஸுக்குக் கண்ணுறுத்தலாயிற்று. 1708இன் பிற்பகுதியில் பிடித்துக் கோட்டைக்குள் அடைத்து நான்கு மாதம் வைத்திருந்தார்கள். மன்னரின் முத்திரை தாங்கி வந்தவரை மன்னரின் கோட்டையிலேயே அடைத்தார்கள்.

அவரோ திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் விரல் வைத்துத் தமிழ் எழுதக் கற்றவர். ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்து அவற்றுக்கு ஓர் அட்டவணையும் 1708இலேயே தயாரித்தார். தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சவரலாற்றை அவர் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பியபோது, அவரை ஆதரித்தவர்களே அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பினோமே தவிர, பரப்புவதற்கு அனுப்பவில்லை என்னும் பொருள்படக் கடிந்துகொண்டு அதை மூலையில் போட்டார்கள். 1867இல் சென்னையில்தான் அந்நூல் அச்சேறியது. இரண்டு பக்கத்தாரிடமும் வசை வாங்கியவரிடத்தில் எனக்குக் கொஞ்சம் பக்ஷபாதம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தமிழில் முதன்முதல் அச்சடித்தது தரங்கம்பாடியில் என்று உள்ளூர் அபிமானத்தில் சிலர் சொல்வார்கள், அது சரியன்று. கொல்லத்தில் 1578இலேயே 'தம்பிரான் வணக்கம்' தமிழெழுத்தில் அச்சாகிவிட்டது. இங்கே நடந்தது வேறு, ஒருவகையில் அதைவிட சுவாரசியமானது. லண்டனிலிருந்து அனுப்பிய அச்சு இயந்திரம் வந்து சேர்ந்தது, அதை இயக்க வந்தவர் வழியிலேயே மாண்டுபோனார். ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்தனுப்பிய தமிழெழுத்துக்கள் மிகப் பெரியனவாக இருந்தபடியால், காகிதத்தை வீணாகத் தின்றன. ஆகவே சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்க்க முற்பட்டார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? கப்பலில் பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈய உறையை உருக்கினார்கள் என்பது சரித்திரக் குறிப்பு. நான்கு சுவிசேஷங்கள் 1714இலும், புதிய ஏற்பாடு முழுவதும் அடுத்த ஆண்டிலும் வெளிவந்தன. காகிதத் தட்டுப்பாடு தீரப் பக்கத்துப் பொறையாற்றிலேயே ஒரு காகிதப் பட்டறையும் தொடங்கினார்கள்.

அந்தப் பட்டறை எப்போதோ மறைந்துவிட்டது. ஒரு செங்கல்கூட இல்லை. ஆனால் அந்த இடத்தின் பெயர் மட்டும் கடுதாசிப்பட்டறை என்று நிலைத்துவிட்டது. கல்லால் கட்டிய எத்தனையோ நினைவுச் சின்னங்கள் பலகை வைத்துத் தங்களை விளக்கிக்கொள்ள வேண்டியிருக்க, முகவரி எழுதுகிற ஒவ்வொரு முறையும் முந்நூறு வருஷத்துச் சேதியை இந்தப் பெயர் சுமந்துகொண்டு போகிறது.

ராஜ வீதியில் இரண்டு தேவாலயங்கள் இருப்பதன் காரணமும் இங்கே விளங்கும். 1701இல் எழுந்த சீயோன் ஆலயம் டேனிஷ்காரர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்டது. தமிழர்களுக்காகச் சீகன்பால்க் கட்டிய முதல் எருசலேம் ஆலயம் கடல் பக்கம் இருந்து அழிந்துபோக, 1718இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி, முகப்பில் மன்னர் பிரடெரிக்கின் முடியெழுத்தைப் பொறித்து அர்ப்பணம் செய்தார். அர்ப்பணம் ஆகி ஐந்தாவது மாதம் முடிவதற்குள், 1719 பிப்ரவரியில், முப்பத்தாறு வயதில் அவர் இறந்து, அந்த ஆலயத்திலேயே பீடத்தருகே அடக்கமானார். சிலுவை வடிவாய் அமைந்த அந்த ஆலயத்தின் உட்புறம் வெறுமையான வெண்மை. அலங்காரம் என்று சொல்ல அதிகம் இல்லை. இந்த ஆலயத்தின் வழி வந்த தமிழ் சுவிசேஷ லூதரன் திருச்சபையின் பேராயர் திருச்சிராப்பள்ளியில் வாசம் செய்கிறார். ஆனால் அவருடைய பட்டம் தரங்கம்பாடிப் பேராயர் என்பதே. சோழநாட்டின் நடுவே ஒரு பெருநகரத்தில் இருந்துகொண்டு, கடலோரத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரால் அழைக்கப்படுவது இந்த ஊருக்குக் கிடைத்த பெருமைகளில் பெரிதென்று நினைக்கிறேன்.

1845இல் டென்மார்க்கு தன் இந்திய உடைமைகளைப் பன்னிரண்டரை லக்ஷம் ரூபாய்க்குப் பிரிட்டிஷ் கம்பெனிக்கு விற்றுவிட்டது. தரங்கம்பாடியும் வங்காளத்துச் சீராம்பூரும் அதில் அடக்கம். 225 ஆண்டு உறவு கிரயப் பத்திரத்தில் முடிந்தது. கொஞ்ச காலம் தஞ்சாவூர் ஜில்லாவின் தலைமைக் கச்சேரி இங்கே நடந்தது. 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதித் தமிழ் நாவலுக்குப் பிள்ளையார் சுழி போட்ட வேதநாயகம் பிள்ளை முன்சீபாக உத்தியோகம் பார்த்த ஊர்களில் இதுவும் ஒன்று. பிறகு கச்சேரி போயிற்று. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு ரயில் ஓடத் தொடங்கவே, சரக்குகள் எல்லாம் அந்தத் துறைமுகத்தைத் தேடிப் போயின. மாயூரத்திலிருந்து இங்கே கிளைப்பாதை வந்ததோ 1926இல்; வரவேண்டிய காலத்தில் வராமல் போகவேண்டிய காலத்தில் வந்த அந்த ரயிலும் எண்பதுகளில் நின்றுபோயிற்று.

இந்த வீழ்ச்சியைச் சொல்லும்போது எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். நான் விடமாட்டேன். பக்கத்தில் செழித்த ஊர்களைப் பாருங்கள்: பணம் வந்தது, பழைய வீட்டை இடித்தார்கள், இன்னும் பணம் வந்தது, இடித்துக் கட்டியதையும் இடித்தார்கள். தரங்கம்பாடியில் இடிப்பதற்குக்கூட எவரிடமும் காசு இல்லை. ராணி வீதியிலும் பொற்கொல்லர் வீதியிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் சுவர்கள் இன்றைக்கும் நிற்பதற்கு எவருடைய சரித்திர ஞானமும் காரணமன்று, வறுமைதான் காரணம். கவர்னர் ஒருவர் வாழ்ந்த பெரிய வீட்டில் கன்னிமாடம் குடிபுகுந்தது, பிள்ளைகள் படித்தார்கள், அதனால் அது பிழைத்தது. கலெக்டரின் கடற்கரைப் பங்களா தங்கும் விடுதியாயிற்று. அதனால் அதுவும் பிழைத்தது. பள்ளிக்கூடமும் விடுதியும் நுழையாத வீடுகளில் கூரை முதலில் போயிற்று.

கூரை என்று சொல்லிவிட்டேன். அந்தக் கூரையின் நுட்பத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். மெட்ராஸ் டெரஸ் என்று கொத்தனார்கள் சொல்லும் முறை அது. தேக்கு உத்தரங்களை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டாகச் சாய்த்துச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, நாட்கணக்கில் மரச்சட்டத்தால் தட்டித் தட்டி இறுக்குவார்கள். கடுக்காய் ஊறிய நீரும் பனைவெல்லமும் அதில் சேரும். கீழிருந்து பார்த்தால் மீன்முள்போல் செங்கல் வரிசை தெரியும். உத்தரம் உளுக்காத வரையில் கூரை அசையாது. உளுத்துவிட்டாலோ, ஓர் உத்தரம் போனால் பக்கத்து வரிசையையும் இழுத்துக்கொண்டு வரும்.

2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்நாளில் அம்மாவட்டத்தைச் சேர்ந்திருந்த தரங்கம்பாடியின் மீனவர் குடியிருப்பு கண்ட அழிவைக் கட்டிடங்களைப்பற்றிய கட்டுரையில் ஓர் உபகதையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதன் பிறகு டென்மார்க்கிலிருந்தும் உள்நாட்டிலிருந்தும் உதவி பெருகி வந்தது. கோட்டையைப் பழுதுபார்க்கும் வேலை அதற்கு முன்னரே தொடங்கியிருந்தது. பிறகு இன்டாக் என்னும் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு பொற்கொல்லர் வீதியின் சிறு வீடுகளைச் சீர்ப்படுத்திற்று. டென்மார்க்கு தேசிய அருங்காட்சியகம் பாழடைந்து கிடந்த கவர்னர் பங்களாவைப் பல ஆண்டுகள் உழைத்து எழுப்பி நிறுத்திற்று. பொற்கொல்லர் வீதி வேலையே எனக்கு அதிகம் பிடித்தது. மாளிகைகளைக் காப்பாற்ற உலகத்தில் ஆள் உண்டு. திண்ணையும் இரண்டு மரத்தூணும் நாட்டோடும் உள்ள ஒரு வீட்டைக் காப்பாற்றத் தோன்றுவது அபூர்வம்.

அந்த வேலைகளில் கையிட்ட கொத்தனார் ஒருவரைப் பேச்சுக்கு இழுத்தேன். சிமெண்டு இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும்போது சுண்ணாம்பை ஏன் இடித்து ஊறவைத்துக் கஷ்டப்படவேண்டும் என்று, தெரியாதவன்போல் கேட்டேன். அவர் ஒரு வீட்டின் அடிச்சுவரைக் காட்டினார். முழங்கால் உயரத்துக்குச் சிமெண்டு பூசியிருந்தது. அதற்கு மேலே செங்கல் மாவாக உதிர்ந்து, வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்திருந்தது.

"உப்புத்தண்ணி அடியிலேருந்து ஏறுதுங்க. சுண்ணாம்புன்னா வழியிலேயே ஆவியாப் போயிடும். சிமெண்டு வழியை அடச்சிடுது. அது சும்மா இருக்குமா? மேல ஏறி, வழி கெடைக்கற எடத்துல செங்கல்லத் தின்னுட்டு வெளிய வருது."

விஞ்ஞானிகள் இதை உப்புப் படிகங்களின் விரிவழுத்தம் என்று விவரிப்பார்கள். கொத்தனார் சொன்னதே எனக்குப் போதுமாக இருந்தது. பழைய கட்டிடத்தின்மீது பிரியம் கொண்டவர்கள் அவசரத்தில் செய்கிற உபகாரம் பெரும்பாலும் இந்தச் சிமெண்டுப் பூச்சைப் போன்றது. அதற்குப் பக்கத்திலேயே பளபளக்கும் ஓடு பதித்த நடைபாதையும், கருங்கல் பெஞ்சும், பச்சை வண்ண மின்கம்பமும் வந்து சேர்ந்துவிடும். தரங்கம்பாடியிலும் அந்த ஆசை எட்டிப் பார்க்காமல் இல்லை.

கடைசியாக மாசிலாமணிநாதரிடம் போனேன். ஊரில் எல்லாவற்றிலும் மூத்தவர் அவர்தாம். டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுகள் முன்பே வந்து அமர்ந்தவர். ஆயினும் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கோட்டையைப் பார்த்த களைப்பில் அவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கடல் அவரை விடவில்லை. கோயிலின் முற்பகுதியைத் தலைமுறை தலைமுறையாக அரித்துக்கொண்டுபோய், கருவறையின் வாயில்வரை அலை வந்த காலமும் உண்டு. அண்மைக் காலத்தில் திருப்பணி கண்டிருக்கிறது. கரையில் பாறாங்கற்களைக் குவித்து அரண் அமைத்திருக்கிறார்கள். அந்தக் கற்களின் மேல் அமர்ந்து வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம், கோயில் முன்பு எதுவரைக்கும் இருந்தது என்று கேட்டேன். அவர் ஊசியை நிறுத்தாமல் தாடையால் கடலைக் காட்டினார். அங்கே ஒரு படகு நின்றுகொண்டிருந்தது.

பொழுது சாய்ந்து பேருந்துக்காக நடந்தபோது பள்ளிக்கூடம் விட்டிருந்தது. சைக்கிளில் வந்த பெண்கள் மணியடித்துக்கொண்டு அந்தப் பெரிய வாசலுக்குள் நுழைந்து வெளியேறினார்கள். எவளும் தலையைத் தூக்கி 1792ஐப் பார்க்கவில்லை. பால்காரர் போனார், மீன்கூடைக்காரி போனாள். மதில் இல்லாத வாசலாயிற்றே, சுற்றிக்கொண்டு போவதற்கு யாராவது முயல்கிறார்களா என்று சிறிது நேரம் நின்று பார்த்தேன். ஓர் ஆடு மட்டும், வாசலை ஒட்டி முளைத்திருந்த செடியைக் கடித்துக்கொண்டே, பக்கவாட்டில் நுழைந்து மறுபுறம் வந்து சேர்ந்தது.